டி டிரைவில் பத்துப் பேர்ச்சஸ்

பொல்பிட்டிய.

பெருந்தோட்ட மக்களின் வீடு, காணி, உட்கட்டமைப்பு மற்றும் இன்னபிறவற்றுக்குப் பொறுப்பான கௌரவ அமைச்சுக்கு,

ஆட்சி மாறும்போதெல்லாம் உங்கள் பெயர்ப்பலகையும் மாறிவிடுகிறது. பழைய பெயரில் எழுதினால் கடிதம் எங்கே போய்ச் சேருமோ என்ற பயத்தில் பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் விலாசமாக எழுதியிருக்கிறேன். வேலை மாறியிருக்காது. செய்து முடித்ததாகவும் தகவல் இல்லை.

விடயம்: ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பங்கு பிரிப்பதற்கு அமைச்சின் ஆலோசனை கோரல்.

எங்கள் பிள்ளைகளின் மாலை வகுப்புக்குப் பழைய கொம்பியூட்டர் ஒன்று அன்பளிப்பாக வந்தது. கொடுத்தவர் யாரென்று எழுதப் போவதில்லை. அவருடைய படம் பெட்டியின் முகப்பில் ஒட்டியிருக்கிறது. காற்றுப் போகும் துளைகளை மூடிக்கொண்டு சிரிக்கிறார். பெட்டியில் இருந்த விண்டோஸ் 10ஐ மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டுமாம். இந்தப் பெட்டி பிறந்த காலத்தில் அது இல்லை. ஆகவே லினக்ஸ் என்று முடிவெடுத்தோம். எந்தச் சிஸ்டத்தைப் போடுவதானாலும் முதலில் டிஸ்க் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. பங்கு பிரிப்பதில் உங்களுக்கு இருக்கிற அனுபவம் இந்த நாட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?

டிஸ்க்கின் மேல் 1 டெராபைட் என்று அச்சடித்திருக்கிறது. திறந்தால் 931 ஜிகாபைட்தான் காட்டுகிறது. யாரும் திருடவில்லை. செய்த கம்பனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிச் சொல்கிறது. விண்டோஸ் 1024ஆல் வகுத்துப் பார்க்கிறது. இதைப் பிள்ளைகளின் அம்மாமாருக்கு விளக்க எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று கேட்டுக் கைதட்டியவர்கள், அதே வருடம் செப்டெம்பரில் வர்த்தமானியில் 1,350 என்று வாசித்தவர்கள். மேடைக்கு ஒரு கணக்கு, செக்ரோலுக்கு ஒரு கணக்கு என்பது அவர்களுக்குப் புதிதில்லை.

அந்த 931இல் சி டிரைவுக்குக் கிடைத்தது 60. விண்டோஸ், அதன் அப்டேட்டுகள், ஆசிரியர் சேர்த்த பாடங்கள், சாதாரண தரப் பழைய வினாத்தாள்கள், பிள்ளைகள் வரைந்த படங்கள், யாரோ ஒருவரின் அக்காவின் கல்யாண வீடியோ எல்லாம் அந்த அறுபதுக்குள் அடைந்து கிடக்கின்றன. டிரைவின் கோடு சிவந்து போயிருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், அடுப்பு, சாமிப்படம் என்று வாழ்ந்து பழகியவர்கள் என்பதால் எங்கள் பிள்ளைகள் இதில் ஒரு குறையும் காணவில்லை. 'இடமில்லை' என்று கொம்பியூட்டர் சொன்னால் ஒரு படத்தை அழித்துவிட்டு இன்னொன்றை வரைகிறார்கள்.

பக்கத்தில் டி டிரைவ். ஏறக்குறைய 870 ஜிகாபைட். முன்பிருந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'எதிர்கால அபிவிருத்தி'. பிட்லொக்கர் பூட்டுப் போட்டிருக்கிறது. திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். சாவி எங்கே என்று விசாரித்தேன். கொடுத்த இடத்தில், பொறுப்பாக இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். ஒன்றுமில்லை, ஆனால் கை வைக்க வேண்டாம், மேலிடத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். அமைச்சின் கவனத்துக்கு ஒரு விடயம்: அந்த டிரைவைத் திறப்பதற்குத்தான் 48 இலக்கம் வேண்டும். ஒரேயடியாக அழிப்பதற்குச் சாவி கேட்காது.

அழிக்காமல், சி டிரைவைக் கொஞ்சம் நீட்டலாமா என்றும் பார்த்தேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து சி மேல் வலது கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வொல்யூம்' என்ற வரி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது. ஏனென்றால் நீட்டுவதற்குச் சியின் வலப்பக்கத்தில், ஒட்டியபடி வெற்றிடம் இருக்க வேண்டும். எங்கோ தூரத்தில் 870 இருந்து பிரயோசனமில்லை. அதோடு சிக்கும் டிக்கும் நடுவில் ரிக்கவரி பார்ட்டிஷன் என்று அரை ஜிகாபைட்டுக்கு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை அசைக்காமல் எதுவும் அசையாது. இந்த நடுவில் இருப்பவர்களின் மகிமை உலகமறிந்தது: 2024 ஜனவரியில் மைக்ரோசொப்ட் அனுப்பிய ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட், ரிக்கவரி பார்ட்டிஷனில் 250 மெகாபைட் வெற்றிடம் இல்லாத கொம்பியூட்டர்களில் எல்லாம் ஏறாமல் திரும்பி வந்தது. எங்களுக்கும் காணிக்கும் நடுவில் 1992 முதல் உட்கார்ந்திருக்கும் தோட்டக் கம்பனிகளைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லவில்லை. இது ஹார்ட் டிஸ்க் பற்றிய கடிதம்.

இனித்தான் ஆலோசனை கேட்கும் இடத்துக்கு வருகிறேன். டிஸ்க் என்பது வெறும் பரப்பு. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்வது ஒரு சின்ன அட்டவணை. பழைய எம்.பி.ஆர். முறையில் அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள், வெறும் 64 பைட்டில் அடங்கிவிடும். அந்த 64 பைட்டில் பெயர் இல்லாத இடத்தைக் கொம்பியூட்டர் 'ஒதுக்கப்படாத இடம்' என்றே காட்டும். அதற்குள் பத்து வருடப் பரீட்சைத் தாள்கள் நிரம்பிக் கிடந்தாலும் அதற்கு அக்கறையில்லை. புதிதாக எவர் வந்து கேட்டாலும் தாராளமாக எடுத்துக்கொள் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

இருநூறு வருடமாக ஒதுக்கப்படாத இடத்தில் இருக்கிற எங்களுக்கு இது சொல்லிப் புரிய வேண்டியதில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, எங்கள் முன்னோர் நடந்து வந்த பழைய வழித்தடத்தில் மறுபடி நடந்து பார்த்ததும் அதற்காகத்தான்.

போர்மட் செய்வதிலும் இரண்டு வகை உண்டு. முழுப் போர்மட் நேரமெடுக்கும். டிஸ்க் முழுவதையும் பூச்சியத்தால் எழுதும். குயிக் போர்மட் சில வினாடி வேலை. உள்ளே இருப்பதைத் தொடாது, பதிவை மட்டும் துடைத்துவிடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நான் அறிந்தவரை இந்த நாட்டின் மிகத் திறமையான குயிக் போர்மட். ஆட்கள் அப்படியே லயத்தில் இருந்தார்கள், காலையில் பிரட்டுக்குப் போனார்கள், கொழுந்து ஆய்ந்தார்கள். பதிவில் மட்டும் இல்லை.

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வது என்று அன்று இரண்டு பிரதமர்களுக்கும் தெரியவில்லை. பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல், சரிபாதியாகத் தலைக்கு 75,000 என்று வெட்டிக் கொண்டார்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கிற சொப்ட்வெயார்கூட 'உள்ளே தகவல் இருக்கிறது, நிச்சயமாகப் பிரிக்கவா?' என்று ஒரு தடவை கேட்கும். பிரிக்கப்பட்ட அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரிடமாவது அந்த மேசையில் ஓகே பொத்தானை நீட்டியிருக்கிறார்களா என்று பழைய கோப்புகளைப் பார்த்துச் சொல்லவும்.

அழிந்த அட்டவணையை மீட்பதற்கு டெஸ்ட்டிஸ்க் என்று ஒரு இலவசச் சொப்ட்வெயார் இருக்கிறது. டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்த்து, முன்பு எங்கெங்கே எல்லை இருந்தது என்ற தடயத்தைப் பொறுக்கியெடுத்து, அட்டவணையைத் திரும்ப எழுதும். பெரிய டிஸ்க் என்றால் சில மணித்தியாலம் பிடிக்கும். எங்கள் விடயத்தில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஐம்பத்தைந்து வருடம் பிடித்தது. அதுவும் பிரஜாவுரிமை வரையில்தான். காணி இன்னும் ஒதுக்கப்படாத இடத்தில்தான் இருக்கிறது.

நிர்வாகப் பக்கத்தில் முன்னேற்றம் இருப்பதை மறுக்கவில்லை. எம்.பி.ஆர். அட்டவணையில் நான்கு பேருக்கு மேல் இடமில்லை. ஐந்தாவது பார்ட்டிஷன் வேண்டுமென்றால் நான்கில் ஒன்றை 'விரிவாக்கப்பட்டது' என்று அறிவித்து, அதற்குள் சின்னச் சின்னதாகப் பிரிக்க வேண்டும். 2018 தேர்தலுக்கு முன் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச சபைகளை உடைத்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்றும் சேர்த்து ஆறாக்கினீர்கள். இரண்டு லட்சம் பேருக்கு ஒரு சபை என்றிருந்த காலத்தை நினைத்தால் நல்ல காரியம். ஆனால் கூட்டிப் பார்த்தேன். ஆறு சபையையும் சேர்த்தாலும் பரப்பு பழைய இரண்டின் பரப்புத்தான். லயத்துக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகினால் எந்தச் சபைக்கு ஒழுகுகிறது என்பது இப்போது துல்லியமாகத் தெரிகிறது. கூரை இன்னும் தோட்டத்தினுடையது.

ஆகவே ஜி.பி.டி. முறைக்கு மாறும்படி பணிவுடன் கேட்கிறேன். விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை போடலாம். ஒவ்வொன்றுக்கும் வேறெதற்கும் வராத தனி அடையாள எண் உண்டு. முக்கியமாக, அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். முன்பக்கம் கெட்டாலும் பின்பக்கத்திலிருந்து மீட்கலாம். ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்தவருக்குப் படம் பிடித்துக்கொண்டு கொடுத்த கடதாசி காணிக் கந்தோரில் பதிந்த உறுதியா, பதியாத பத்திரமா என்பது வங்கிக்குக் கடன் கேட்டுப் போகும்போதுதான் தெரிகிறது. கொம்பியூட்டரில் அது நடப்பதில்லை. அட்டவணையில் எழுதாமல் எவ்வளவு பெரிய விழா வைத்தாலும் பார்ட்டிஷன் உருவாகாது.

எங்கள் திட்டம் இது. முதலில் சியில் இருக்கும் பிள்ளைகளின் வேலைகளைப் பென் டிரைவில் எடுத்து வைப்போம். பெக்கப் இல்லாமல் பார்ட்டிஷனில் கை வைப்பவன் பெரிய தைரியசாலி, அல்லது ஆணைக்குழு உறுப்பினர். பிறகு பழைய எல்லைகளை எல்லாம் எடுத்துவிட்டு, பூட் ஆவதற்கு அரை ஜிகாபைட், லினக்ஸுக்கு 50, கொஞ்சம் சுவொப், மிச்சம் எல்லாம் ஹோம். சிஸ்டத்தையும் ஹோமையும் தனித்தனியாகப் பிரிப்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அடுத்த வருடம் சிஸ்டம் கெட்டுப் போய்ப் புதிதாக ஒன்றைப் போட்டாலும் ஹோமில் இருப்பவர்களை யாரும் கிளப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசாங்கமும் வந்து முந்தைய அரசாங்கத்தின் வீட்டுத் திட்டத்தை நிறுத்திவிட்டு அத்திவாரத்திலிருந்து தொடங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு ஆபத்து உண்டு. பார்ட்டிஷனை நகர்த்தும்போது கரண்ட் போனால் எல்லாம் போச்சு. இங்கே அது வேடிக்கையான பயம்தான். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்கிற இந்த ஊரில் 1969இல் 75 மெகாவோட்டோடு தொடங்கிய மின்நிலையம் இன்னும் ஓடுகிறது. அதே காலத்தில் கட்டிய மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தையே தண்ணீருக்குள் விட்டோம். வரட்சி வந்து நீர் வற்றினால் பழைய கோயில் இன்றும் தலைகாட்டுகிறது. இவ்வளவையும் கொடுத்த பக்கத்தில், 2022 மார்ச் 31ஆம் திகதி நாடே பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் கிடந்தபோது நாங்களும் சேர்ந்தே கிடந்தோம். ஆகவே யூ.பி.எஸ். ஒன்று இரவல் கேட்டிருக்கிறோம்.

வேண்டுகோள் இரண்டு. ஒன்று, டி டிரைவில் கை வைக்க அனுமதி. முழு 870ஐயும் தர மனமில்லை என்றால், வழக்கம்போல் பத்துப் பேர்ச்சஸ் என்று அறிவித்து ஏழு தந்தாலும் போதும். ஆனால் அட்டவணையில் எழுதித் தரவும். இரண்டு, இதற்கு ஒரு குழு நியமிக்கும் எண்ணம் இருந்தால், டிஸ்க்கின் ஆயுள் எங்களுடையதைவிடக் குறைவு என்பதைக் கருத்தில் கொள்ளவும்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப முடியாது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயரைப் போட்டால் தோட்ட ஒபிஸ் வரை வரும். அங்கிருந்து எங்கள் காம்பராவுக்கு வருவது அன்றைய கொழுந்து நிறையையும் கிளாக்கர் ஐயாவின் மனநிலையையும் பொறுத்தது. தபால் கந்தோரில் நானே வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சி டிரைவ் வாசி

பிரதிகள்:
1. பிரதேச செயலகம், தகவலுக்காக.
2. தோட்டக் கம்பனி, 2045இல் குத்தகை முடியும்போது வாசிப்பதற்காக.