பூத சதுக்கமும் பேசும் நண்டும்: அடைபடு படங்களின் தோற்றம் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

உலகில் எது தோன்றினாலும் அது முதலில் பூம்புகாரில்தான் தோன்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வுலகம் எப்போதோ ஏற்றுக்கொண்ட நெறி. ஊரின் வயதையே ஈராயிரத்தில் தொடங்கிப் பதினையாயிரம் வரை ஏலம் கேட்கிறார்கள். அந்த ஏலத்தில் கலந்துகொள்ள எனக்கு வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் தமிழ் பேசிக்கொண்டே ஆளை விழுங்கும் பாம்பு, முதலை, சுறாப் படங்கள் மட்டும் இங்கிருந்து போனவை என்று நிறுவிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

முதலில் இலக்கணம். பத்துப் பேர் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு, பதினொன்றாவதாக ஒன்று அவர்களைத் தின்ன, தயாரிப்பாளர் கையில் காசும் இல்லாதிருப்பது அடைபடு படம். காசு இருந்தால் அது வேறு துறை.

வகைகள் நான்கு. ஊர்வன: பின்னர் காண்க. நீந்துவன: கடைசியில் காண்க. பறப்பன: கயிறு தெரியும், விடுக. செடிகொடி: நகர்ந்து நின்றாலே போதும்.

‘மான்ஸ்டர்’ என்னும் சொல் ‘மன்றத்தார்’ என்பதன் திரிபு. புகார் நகரில் ஐந்து மன்றங்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவற்றுள் ஒன்றான பூத சதுக்கத்தில் ஒரு பூதம் இருந்தது. மன்றத்தில் இருப்பவர் மன்றத்தார். இதை மறுப்போர் வேர்ச்சொல் அறியாதவர். அறிந்தும் மறுப்போர் தமிழ்ப் பகைவர். (காண்க: பூம்புகார்க் கடற்கரைச் சுண்டல் பொட்டலச் சுவடி, முதல் மடிப்பு.)

இனி அந்தப் பூதம். நாற்சந்தியில் நின்று, யார் யாரைத் தின்பேன் என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. பொய்த் தவசி, ஒழுக்கம் மறைத்த பெண், நம்பினவரைக் கவிழ்க்கும் அமைச்சர், பிறன்மனை நோக்குபவன், பொய்ச்சாட்சி, புறங்கூறுபவன் என ஆறு பேர். எந்த அடைபடு படத்தையும் எடுத்துப் பாருங்கள், முதல் அரைமணி நேரத்தில் போகிற ஆட்கள் இவர்கள்தாம். ‘ஜாஸ்’ படத்தில் கடற்கரையை மூட மறுக்கும் மேயர் மூன்றாம் வகை. அவரைச் சுறா விட்டுவைத்தது மரபு மீறல்.

கதாநாயகனுக்கு ஒன்றும் ஆகாது என்ற விதியும் இங்கேயே பிறந்தது. பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்தபோது, கோவலன் குறுக்கே விழுந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடு என்கிறான். பூதம் மறுத்துவிடுகிறது. நாயகன் தானாக வாயில் வந்து விழுந்தாலும் இடைவேளைக்கு முன் தின்னக்கூடாது என்பதே அதன் கருத்து. கோவலன் சாவது மதுரைக் காண்டத்தில்.

ஆய்வின் உயிர்நாடி பூதத்தின் குரல். அது நான்கு காதம் கேட்கும் என்கிறார் இளங்கோ. காதத்துக்குப் பத்து மைல் என்ற கணக்கில் நாற்பது மைல், அதாவது 64 கிலோமீட்டர். பூம்புகாரில் கத்தினால் சீர்காழி கேட்கும், மயிலாடுதுறை கேட்கும், கும்பகோணத்தில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் பொய்ச்சாட்சிக்காரன் டபராவைக் கீழே வைப்பான். கிழக்கே அதே தொலைவு கடல். அங்கே கேட்டவர் யார்? மீன்களுக்குள் புறங்கூறுவோர் உண்டா? ஐந்து ஆண்டு நிதிநல்கை கேட்க இந்த ஒரு கேள்வி போதும். (காண்க: மேற்படி சுவடி, மூன்றாம் மடிப்பு, மாங்காய்க் கறைக்கு இடப்புறம்.)

அறிஞர் எவரும் கவனியாத ஒன்று: அந்த இடத்தில் பூதத்தின் கையில் இருக்கும் பாசக்கயிறும் அதன் குரலும் மட்டுமே வருகின்றன. பல் இல்லை, நிறம் இல்லை, உயரம் இல்லை. சிக்கனம் என்றால் இது. 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் பழுதாகிக்கொண்டே இருந்ததால், முதுகுத் துடுப்பையும் பீப்பாயையும் இசையையும் வைத்துப் பாதிப் படத்தை ஓட்டினார்கள். (காண்க: மேற்படி சுவடி, காற்றில் பறந்துபோன பகுதி; உடன் வந்த நண்பரின் நினைவிலிருந்து மீட்கப்பட்டது. நண்பர் அப்போது இடுப்பளவு அலையில் நின்றதால் பாடபேதம் உண்டு.)

உருவத்தைக் காட்டத் துணிந்தவர்கள் பட்ட பாடு வேறு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த ‘காடு’ படத்தில், நம்மூர் யானைகளுக்குச் சடை மாட்டி ஆதிகால மாமத யானையாக்கினார்கள். அந்த வெயிலில் யானை என்ன நினைத்திருக்கும்? 1959இல் டெக்சாஸில் எடுத்த ‘தி கில்லர் ஷ்ரூஸ்’ படத்தில் மூஞ்சூறாக வேலை பார்த்தவை, ரோமப் போர்வை போர்த்திய நாய்கள்.

ஆனால் ரோஜர் கார்மன் 1957இல் எடுத்த ‘அட்டாக் ஆஃப் தி கிராப் மான்ஸ்டர்ஸ்’ படத்துக்கு நான் தலைவணங்குகிறேன். பசிபிக் தீவொன்றில் விஞ்ஞானிகள் மாட்டிக்கொள்கிறார்கள். ராட்சத நண்டு அவர்களை ஒவ்வொருவராகத் தின்கிறது. தின்ற ஆளின் அறிவு முழுதும் நண்டுக்குள் போய்விடுகிறது. பிறகு அது அவர் குரலிலேயே பேசி அடுத்தவரைக் கூப்பிடுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் இந்த நிகழ்வுக்கு நெறியாளர்–மாணவர் உறவு என்று பெயர். முப்பது ஆண்டுகளாக ஒரே குரல் வெவ்வேறு ஓட்டுக்குள்ளிருந்து கேட்கும் துறைகளை நான் அறிவேன். ஓடு மாறும், மேற்கோள் மாறாது. படத்தில் இன்னொரு சான்றும் உண்டு: அந்தத் தீவு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போகிறது. கடல் கொண்ட ஊர், குரல் கொடுத்துத் தின்னும் உயிர். கார்மன் மணிமேகலையும் படித்திருக்கிறார் என்பது வெள்ளிடைமலை.

கள ஆய்வுக்காகப் பூம்புகார் போனேன். கடற்கரைச் சாலை டீக்கடை டிவியில் சுறாப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கிழிந்த வலையை மடியில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே, “தம்பி, அது சுறா இல்ல” என்றார்.

“ஏங்க?”

“சுறா வாலு பக்கவாட்டுல அடிக்கும். இது மேலயும் கீழயும் அடிக்குது பாருங்க. ஓங்கில்தான் அப்படி அடிக்கும்.”

மறுபடி ஊசியைக் கோத்து ஒரு முடிச்சுப் போட்டார். “அம்மாம் பெரிய சுறான்னா புட்டுக்கும் ஆவாது” என்று அதையும் தீர்த்துவைத்தார். நாலு வரியில் முடிந்துவிட்டது. முனைவர் பட்டத்துக்கு இது போதாது என்பதால் ஆய்வில் சேர்க்கவில்லை.

திரும்பும்போது பேருந்துக்காக ஒரு நாற்சந்தியில் நின்றேன். பூத சதுக்கம் எந்த நாற்சந்தி என்று எனக்கு யாரும் காட்டவில்லை. பையில் இந்தக் கட்டுரையும் அதன் 46 அடிக்குறிப்புகளும் இருந்தன. பொய்ச்சாட்சி ஐந்தாம் வகை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கிருந்தோ ஒரு நீண்ட முழக்கம் கேட்டது; மயிலாடுதுறை பஸ்ஸின் ஏர் ஹாரனாகத்தான் இருக்க வேண்டும். பாதுகாப்பு கருதி அடிக்குறிப்புகளை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டேன். வேண்டுவோர் அடுத்த வாரம் கடற்கரையில் சுண்டல் வாங்கிப் பார்க்கவும்.