பூ அமுக்கப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, பூவை அமுக்கிக் காயவைக்க ஒரு பெட்டி வேணும்னு போன்லயே ஆர்டர் போட்டுட்டியாமே? பேஷ்! ரெண்டு பலகை, நாலு போல்ட்டு, நடுவுல கொஞ்சம் அட்டை. அதைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் ஊரெல்லாம் வழி கேட்டு வந்து நம்ம வாசல்ல மணி அடிக்கணும். உள்ளூர்ல ஓணான் பிடிக்க மாட்டாதவன் உடையார்பாளையம் போயி உடும்பு பிடிச்சானாம். நீ இருக்கது ஹைதராபாத் குஷாய்குடா டே! படியிறங்கி இந்தப் பக்கம் திரும்புனா லேத்துப் பட்டறை, அந்தப் பக்கம் திரும்புனா வெல்டிங் கடை. 1967-ல ஏ.எஸ்.ராவ் தலைமையில ஈசிஐஎல் கம்பெனி வந்த நாள்ல இருந்து இந்தச் சுத்துவட்டாரம் கம்பியும் கருவியுமாத்தான் சோறு திங்குது. அங்க செய்யிற ஓட்டு மிஷின் என்ன வேலை பாக்குது? நாடு பூரா விரலை வச்சு அமுக்குறதுக்குன்னே பொறந்த மிஷின் அது. அந்த ஊர்ல குடியிருந்துக்கிட்டு ஒரு சங்குப்பூவை அமுக்க உனக்கு வழி தெரியலன்னா, உங்க அப்பன் கட்டுன காலேஜ் பீஸைத் திருப்பிக் கேக்கலாமான்னு யோசிக்கேன்.

ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டு இங்க வந்து உக்காரு. தாத்தன் பாளையங்கோட்டையில ஒரு காலேஜு தாவரவியல் துறையில அட்டெண்டரா இருந்தவன். புரபசர்மாரு பொதிகை மலைக்குப் போயி செடி பறிப்பாவ, போட்டோ எடுத்துக்குவாவ. கீழ வந்ததும் கட்டோட என் தலையில போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவாவ. அதனால இந்த விஷயத்துல நான் சொல்லுறதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளு.

மரக்கடையில 12 எம்எம் பிளைவுட்டு வெட்டுத்துண்டு கேளு, ஒரு அடிக்கு ஒரு அடி, ரெண்டு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, நாலு மூலையிலயும் ஓரத்துல இருந்து ஒரு இஞ்சு தள்ளி, ஒரே சமயத்துல ஓட்டை போடச் சொல்லு. தனித்தனியாப் போட்டா நாலு ஓட்டையும் நாலு திசையைப் பாக்கும். அஞ்சு இஞ்சு போல்ட்டு நாலு, வாசரு நாலு, ரெக்கை வச்ச விங் நட்டு நாலு. ஸ்பானர் வேண்டாம், கையால திருகலாம். எங்க காலேஜுல அந்த போல்ட்டு கூடக் கிடையாது. சட்டம் அடிச்ச ரெண்டு மரப்பலகை, சுத்திக் கட்ட ரெண்டு வாரு. காட்டுல நட்டு உருண்டு போச்சுன்னா யாரு தேடுறது?

அட்டைக்கு அலையவே வேண்டாம். உன் கட்டிலுக்குக் கீழ ஆன்லைன்ல வாங்குன சாமான் டப்பா எத்தனை கெடக்கு! வாங்குன சாமான் உதவலைன்னாலும் டப்பா உதவும். உள்ள நெளிநெளியா ஓடுது பாரு, அந்த அட்டைதான் வேணும். அந்த நெளிவு வழியாத்தான் காத்து புகுந்து ஈரத்தைக் கூட்டிட்டு வெளிய போகும். தாளுக்குப் பழைய தெலுங்குப் பேப்பர் போதும். அதுலயும் நகைக்கடை விளம்பரம் வருதே வழவழன்னு, அதை எடுத்துராத. அது தண்ணியை உறிஞ்சாது. டிஷ்யூ பேப்பர் மெத்துனு இருக்கேன்னு வைக்காத. அதுல இருக்க புள்ளி புள்ளி டிசைன் அப்படியே இதழ்ல பதிஞ்சு, பூவுக்கு அம்மை போட்ட மாதிரி நிக்கும். கீழ பலகை, மேல அட்டை, தாளு, பூ, தாளு, அட்டை. இப்படியே அடுக்கி, மேல இன்னொரு பலகை. செஞ்சாச்சு பெட்டி. அரை நாள் வேலை.

இங்கதான்டே உங்க ஆளுக எல்லாம் கவுந்து போறீய. பெட்டி செஞ்சதும் பூவை உள்ள வச்சு, ஏதோ கரும்பு ஆலை முதலாளி கணக்கா நட்டைத் திருகுதிய. திருகு, திருகு. பூவுல உள்ள தண்ணி திருகுக்குப் பயந்து ஓடிருமா? பலகைக்கு உள்ள வேலை ஒண்ணே ஒண்ணுதான்: காயுற நேரத்துல இதழு சுருண்டு போகாம புடிச்சு வைக்கது. காயவைக்கது தாளு. தாளு குடிக்கிற அளவுக்குத்தான் குடிக்கும், அதுக்கு மேல அதுக்கே நனைஞ்ச வேட்டி கட்டுன கதை. மறுநாளே பெட்டியைத் தொறந்து ஈரத்தாளை உருவிட்டுக் காஞ்ச தாளு வைக்கணும். மொத நாலஞ்சு நாளு தினமும், பெறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பூ தொட்டா மொறுமொறுன்னு சொல்லுற வரைக்கும். ரெண்டு மூணு வாரம் ஆகும். எவ்வளவு சீக்கிரம் காயுதோ அவ்வளவுக்குக் கலர் நிக்கும்.

மொத தடவை தாளு மாத்தையில ஒரு சூட்சுமம் இருக்கு, எந்தப் புரபசரும் வகுப்புல சொல்ல மாட்டாரு. மறுநாள் பூ துவண்டு கெடக்கும், சொன்னபடி கேக்கும். மடங்குன இதழை அப்பவே ஊசி முனையால நிமித்து. ஒரு இலையை மட்டும் திருப்பிப் போடு, அடிப்பக்கமும் தெரியட்டும். ரெண்டு நாளு கழிச்சுத் தொட்டியோ, ஒடிஞ்சு கையோட வந்துரும்.

தாளு மாத்தச் சோம்பலா இருக்கா? மாத்தாத. ஒண்ணும் கெட்டுப் போயிராது. உள்ள புதுசா ஒரு வெள்ளாமை கெளம்பும், பச்சையும் கறுப்புமா, பஞ்சு பஞ்சா. பூ போனாலும் பூஞ்சணம் மிஞ்சும். அதுக்கு லைக்கு வாங்கிக்க.

பூவும் பாத்துப் பறி. காலையில பனியோட பறிச்சா அழகாத்தான் இருக்கும். வெயிலேறி ஈரம் உலந்த பெறகு பறி. மல்லியப்பூவை அமுக்கப் போறேன்னு ஆச்சிகிட்ட கேட்டு வாங்கிக் கட்டிக்காத. வெள்ளைப் பூவு காஞ்சா பழுப்புதான். செம்பருத்தியில வழவழன்னு ஒரு பசை இருக்கு, தாளோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னு அடம்புடிக்கும். செண்டுப்பூவை முழுசா வச்சா நடுவுல தொப்பை, ஓரத்துல சுருக்கம். இதழு இதழாப் பிச்சு வை. சதைப்பத்து உள்ள செடியை உயிரோட உள்ள போட்டா இருட்டுக்குள்ளயே கெடந்து முளைவிடும், வெந்நியில ஒரு முக்கு முக்கிட்டு வைக்கணும். சங்குப்பூ தங்கமான பூ. காகிதப்பூ பேருலயே பாஸாயிட்டு. அதை அமுக்குறது பரீட்சையில பாத்து எழுதுற மாதிரி, ஆரம்பக்காரனுக்கு நல்லது.

புரட்டாசி வந்தா இந்த ஊரே பூக்கடையாயிரும். பதுகம்மா பண்டிகைக்கு ஒன்பது நாளும் பொண்ணுக பூவை அடுக்கடுக்காக் கோபுரம் கட்டி, சுத்தி வந்து கைதட்டிப் பாடி, தண்ணியில விடுவாவ. அதுல முன்ன நிக்கது தங்கேடு. நம்ம ஊரு ஆவாரம்பூ தான்டே அது! நம்ம ஊர்ல ரோட்டோரம் ஆடு கூட மதிக்காம போற செடி, இங்க தெலங்கானாவுக்கே மாநிலப் பூ. ஊர விட்டு வந்தாத்தான் மரியாதைன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, உனக்குத்தான் தெரியல. பூக்கடைக்காரிகிட்ட ஒரு கொத்து கேட்டு வாங்கி வை. ஆவாரை லேசான பூ, சட்டுனு காயும், மஞ்ச நிக்கும். இன்னொண்ணு குனுகுப்பூ, நம்ம பண்ணைக்கீரைப் பூ. அது செடியில இருக்கையிலயே பாதி வத்தல். சாயம் முக்குனதை வாங்காத, தாளெல்லாம் ஹோலி ஆயிரும். ஒரே தொந்தரவு, அது மழை முடிவு மாசம், வீட்டுச் சுவரே வேர்க்கும். அப்பல்லாம் தாளை ரெண்டு வேளை மாத்து. சித்திரை வெயிலுக்கு இந்த ஊரு காத்துல ஈரம் கம்மி, சோம்பேறிக்கும் பூ காயும்.

அவசரக்காரனா இருந்தா இஸ்திரிப் பெட்டி இருக்கு. சூட்டைக் கம்மியா வச்சு, ஆவியை அணைச்சுட்டு, மேலயும் கீழயும் தாளு வச்சு ஒத்தி ஒத்தி எடு. சட்டை தேய்க்க மாதிரி இழுத்தியோ, பூ ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். பொறுமையே கெடையாதுன்னு சொல்லாத. ஜெர்மனியில ரோசா லக்சம்பர்க்குன்னு ஒரு அம்மா, 1913-ல இருந்து செடி கொடி சேர்த்து நோட்டுல ஒட்டுனவ, ஜெயில்ல போட்ட பெறகும் விடல. நமக்குப் பக்கத்துலயே செர்லபள்ளி மத்தியச் சிறை இருக்கு. பொறுமை வரணும்னா அங்க ஒரு இடம் கேட்டுப் பாக்கட்டா?

காஞ்ச பூவைப் பெவிகாலைத் தண்ணி விட்டு இளக்கி ஒரு சொட்டுத் தொட்டு ஒட்டு. காம்பு தடியா இருந்தா நூலால தச்சிரு. வெயில் படுற சுவர்ல மாட்டாத, வெளுத்துரும். ராமபாணப் பூச்சி வந்துரும்னு அந்தக் காலத்துல பாதரசக் குளோரைடு, சித்த வைத்தியத்துல வீரம்னு சொல்லுவாவளே, அந்த விஷத்துல முக்கி எடுப்பாவ. பூச்சியும் சாகும், தொடுறவனுக்கும் ஆகாது. நீ காத்துப் புகாத கவர்ல போட்டு ஃபிரீசர்ல ஒரு வாரம் வை. ஆச்சி மீன்னு நெனச்சு எடுத்துராம மேல எழுதி வை.

எழுதுறதுன்னதும்தான் முக்கியமான சங்கதி ஞாபகம் வருது. பூவை ஒட்டிட்டா மட்டும் போதாது. கீழ சீட்டு எழுதணும்: பூவோட பேரு, பறிச்ச இடம், தேதி, பறிச்சவன் பேரு. சீட்டு இல்லாதது வைக்கோல், புரபசரு குப்பையில போட்டுருவாரு. தாளு மாத்துனவன் பேருக்குச் சீட்டுல இடம் கெடையாது, அது வேற விஷயம், நான் கேக்கவும் இல்ல. 1690-கள்ல மதராஸ் கோட்டையில சாமுவேல் பிரவுன்னு ஒரு வெள்ளைக்கார வைத்தியரு. சுத்துவட்டாரத்துல செடி பறிச்சு, காயவச்சு, நம்ம ஆளுக சொன்ன தமிழ்ப் பேரையும், எந்த நோவுக்கு ஆகும்ங்கறதையும் குறிச்சு லண்டனுக்கு அனுப்புனாரு. அங்க ஜேம்ஸ் பெட்டிவர்னு ஒரு மருந்துக்கடைக்காரரு அதையெல்லாம் அச்சுல போட்டாரு. அந்தச் செடிக இன்னைக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு. முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, யாரோ ஒரு தமிழன் வாயில வந்த பேரு இன்னும் அழியல. நீ அமுக்குன பூவுக்கு அடுத்த தீவாளிக்குள்ள பேரு மறந்துரும், அதான் சொல்லுதேன், எழுது.

ரோசாப்பூ ஒண்ணை டிபன்பாக்ஸ்ல வச்சு மூடியிருந்தியே, அதையும் அமுக்கத்தானே இம்புட்டுப் பாடு? நான் ஒண்ணும் கேக்கல. ரோசா முழுசா வச்சா அழுகும், நெடுக்க ரெண்டா வகுந்து வை, இல்ல இதழைத் தனியாக் காயவச்சுத் திரும்பக் கூட்டு. சீட்டுல இடம்னு ஒரு வரி வரும், ஈசிஐஎல் கிராஸ் ரோடு பஸ் ஸ்டாப்புன்னு போடு, பொய் எழுதப்படாது. பறிச்சவர்னு ஒரு வரி வரும். அந்தப் பேரை மட்டும் தெலுங்குல எழுது, ஆச்சிக்கு வாசிக்க வராது. எனக்குப் பஸ் போர்டு எழுத்துக்கூட்டிப் பழகிட்டு.