ஸ்டெப்னி இருக்குதுங்களா?

என் அக்கா வீட்டுக்காரர் சொகுசு எஸ்யுவி வாங்கப் போகிறார். இந்தச் சேதியை நான் 2019-லேயே எழுதியிருக்கலாம். அப்போதும் வாங்கத்தான் போய்க்கொண்டிருந்தார்.

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். எங்கள் கோயம்புத்தூரில் வீதிக்கு ஒருவர். பம்புசெட், கிரைண்டர், வார்ப்படம் என்று இரும்போடு மல்லுக்கட்டிச் சம்பாதித்த ஆட்கள். ஒரு போல்ட்டுக்கு முப்பது பைசா குறைக்க முக்கால் மணி நேரம் பேசுவார்கள், குறைத்தும் விடுவார்கள். மாமாவுக்குக் கணபதிப் பக்கம் பவுண்டரி. கையில் காசு உண்டு, கடன் கிடையாது. வாசலில் 2012-ம் வருஷத்து வெள்ளை இன்னோவா நிற்கிறது. 3,40,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. அதை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் மாமாவின் முகம், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் நேரத்து அப்பன் முகம் மாதிரி ஆகிவிடும்.

"மாப்ள, ஞாயித்துக்கெழமை சும்மாதான இருக்கறே? அவினாசி ரோடு வரைக்கும் ஒரெட்டுப் போய்ட்டு வந்தர்லாமா?"

அவினாசி ரோடு என்றால் ஷோரூம். கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் திறந்து, ஜி.டி.நாயுடு பெயரும் வைத்துவிட்டார்கள். ஊரே மேலே பறக்கிறது. மாமா மட்டும் கீழேதான் போவார். மேலே போனால் ஷோரூம் எதற்குள்ளும் நுழைய முடியாதே.

வெள்ளை வேட்டி, தேய்ந்த தோல் செருப்பு, கக்கத்தில் நீளக் கணக்கு நோட்டு. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த விற்பனைப் பையன் என்றால், யாரோ வழி கேட்க வந்திருக்கிறார் என்று நினைப்பான். உள்ளூர்ப் பையன்கள் ஏமாற மாட்டார்கள். இந்த ஊரில் செருப்பு தேயத் தேய பேங்க் இருப்பு ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். காபி ஓடி வரும். "எனக்குச் சக்கரை பாதி" என்பார் மாமா. இப்போதெல்லாம் சொல்ல வேண்டியதே இல்லை. பாதியாகவே வருகிறது.

முதல் வேலையாகக் கதவை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். வார்ப்பில் கீறல் இருந்தால் தட்டும்போது சத்தம் பிசகும்; நாற்பது வருஷத் தொழில் பழக்கம். "இதென்னுங்க, அலுமினியமுங்களா?" பையன் முகம் மலரும். "ஆமாங்க சார், வெயிட் கம்மி, மைலேஜ் கூடும்." மாமாவின் முகம் சுருங்கும். ஒரு கோடி ரூபாயை வாங்கிக்கொண்டு சோத்துப்போசி உலோகத்தில் வண்டி கட்டுகிறார்களே என்பது அவர் வருத்தம்.

அழகு விஷயத்தில் மாமாவுக்கு ஒரே அளவுகோல்தான்: மூக்கு. பி.எம்.டபிள்யூ வண்டிக்கு 1933-லிருந்தே முன்பக்கம் இரட்டைக் கிரில். அந்தக் காலத்துப் படங்களில் அடக்கமாக, ஒல்லியாக இருக்கும். இப்போது அது வளர்ந்து போனட்டையே விழுங்கப் பார்க்கிறது. "எருமை தண்ணிக்கு மூக்க விடைக்கற மாதிரி இருக்குது மாப்ள" என்றார் மாமா, பையன் காதில் விழாமல். லெக்சஸ் பக்கம் போனால், "முழுசா முறுக்கு அச்சு". பென்ஸின் நட்சத்திரத்தைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதை இவர் வாங்கவேண்டும் என்பது அக்காவின் ஆசை என்பதால், குறை சொன்னால் வீட்டில் ரசத்தில் உப்பு கூடிவிடும்.

பிறகுதான் அந்தக் கேள்வி வரும். டிக்கியைத் திறக்கச் சொல்வார். தரை விரிப்பைத் தூக்குவார். குனிந்து, எட்டிப் பார்த்து, நிமிர்வார்.

"ஸ்டெப்னி இருக்குதுங்களா?"

பையன் விளக்குவான். இது ரன் பிளாட் ரப்பர் சார், பக்கச்சுவர் கெட்டியானது, பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டிக்கொண்டு போகலாம். மாமா உடனே நோட்டைப் பிரித்து, "வால்பாறைல பஞ்சராச்சுன்னா பொள்ளாச்சி 65 கிலோமீட்டரு, வந்தர்லாம்" என்று எழுதிக்கொள்வார். எழுதிவிட்டு என்னைத் தனியே அழைத்துக் காதில் சொல்வார்: "இருந்தாலும் மாப்ள, ஸ்டெப்னி இல்லாத வண்டி, தாய்மாமன் இல்லாத கல்யாணமாட்ட." இதை நான் இதுவரை நான்கு ஷோரூம்களில் கேட்டுவிட்டேன்.

மாமாவிடமும் தப்பு இல்லை என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். அந்த நோட்டைப் படித்தால் உங்களுக்கும் தோன்றும். அது நோட்டு அல்ல, குற்றப்பத்திரிகை. ஒரு கோடி எக்ஸ் ஷோரூம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு லைப் டாக்ஸ் 20 சதவீதம். ஆக இருபது லட்சம். "ஆர்டிஓ ஆபீசுக்கு ஒரு இன்னோவா வாங்கிக் குடுத்துட்டுத்தான் நாம நம்ம வண்டில ஏறோணும்" என்பது மாமாவின் அடிக்குறிப்பு. ஐந்தாவது வருஷம் இன்சூரன்ஸ்காரர்களின் தேய்மான அட்டவணைப்படி வண்டியின் மதிப்பு பாதிதான்; அங்கே போனது ஐம்பது லட்சம். மொத்தம் எழுபது. மாமா ஓட்டுவது வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர், ஐந்து வருஷத்துக்கு 50,000. வகுத்தால் கிலோமீட்டருக்கு 140 ரூபாய். இதில் எண்ணெய் இல்லை, சர்வீஸ் இல்லை, ரப்பர் இல்லை, டிரைவர் சம்பளம் இல்லை.

"வீட்டுல இருந்து பவுண்டரி ஆறு கிலோமீட்டரு. போக 840, வர 840. மத்தியானம் சோத்துக்கு வந்துட்டுப் போனா இன்னொரு 1,680. உங்கக்கா வெக்கற கத்திரிக்காக் கொழம்புக்கு 1,680 ரூவா குடுக்கலாமா, நீயே சொல்லு."

நான் எதுவும் சொல்லவில்லை. கூடப்பிறந்தவள் சமையலறையில் நின்றிருந்தாள்.

கம்பெனி பேரில் வாங்கினால் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டார். டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரைக்கும் உட்காரும் வண்டி என்றால் சொந்த உபயோகத்துக்கு அந்த வரவு கிடைக்காது என்றார் ஆடிட்டர். மாமா யோசித்தார். "பதினாலு சீட்டு இருந்தாக் கெடைக்குமுங்களா?" ஆடிட்டர் பொறுமைசாலி. "கெடைக்குமுங்க. ஆனா அதுக்குப் பேரு வேனுங்க" என்றார்.

இந்த நோட்டோடு சேர்ந்து மாமாவுக்கு இன்னொரு வியாதி: பொறுத்திருத்தல். 2023-ல் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. வண்டி, கலர் எல்லாம் முடிவு. தீபாவளிக்குச் சலுகை வரும், கொஞ்சம் பொறுப்போம் என்றார். தீபாவளி வாரத்தில் சலுகையோடு கூட லைப் டாக்ஸும் 15-லிருந்து 20 சதவீதமாக வந்து சேர்ந்தது. ஒரு கோடிக்கு ஐந்து லட்சம் கூடுதல். மாமா அந்தத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கவில்லை.

அடுத்து ஜிஎஸ்டி. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் இன்ஜின், தரையிலிருந்து வண்டியின் வயிறு 170 மில்லிமீட்டர் உயரம்; மூன்றும் சேர்ந்தால் வரி 28, அதன் மேல் செஸ் 22, ஆக ஐம்பது சதவீதம் என்றிருந்த காலத்தில், மாமா இஞ்ச் டேப்போடு ஷோரூமில் மண்டிபோட்டு வயிற்றை அளந்தார். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் கேட்டு வாங்கலாம் என்று எண்ணம். 2025 செப்டம்பர் 22 முதல் அது மொத்தமாக 40 சதவீதம் என்று ஆயிற்று. வண்டிக்கு வண்டி லட்சக்கணக்கில் இறங்கியது. அன்று காலையே போன் பண்ணினேன். "மாமா, குறைஞ்சிருச்சுங்க!"

"பார்த்தேன் மாப்ள. கொறைக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னா இன்னும் கொறைப்பாங்க."

இப்போது காத்திருப்பது லண்டனுக்காக. 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் போட்ட வணிக ஒப்பந்தப்படி, அங்கே செய்து கப்பலில் வரும் கார்களுக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும், நூறு சதவீதத்துக்கு மேலிருந்த இறக்குமதி வரி படிப்படியாகப் பத்துக்கு இறங்குமாம். கணபதியில் ஒருவர் கார் வாங்குவது லண்டன் கையெழுத்தில் தொங்குகிறது. உள்நாட்டிலேயே பூட்டுகிற வண்டியைக் காட்டினாலும் விடமாட்டார். "இது நம்ம சென்னைப் பிளான்ட்லயே அசெம்பிள் பண்றது சார், 2007-லிருந்து" என்று பையன் பெருமையாகச் சொன்னான். மாமா கேட்டார்: "செங்கல்பட்டுப் பக்கத்துல பூட்டற வண்டிக்கு எதுக்குங்க ஜெர்மன் வெலை?"

நம்பகத்தன்மை பற்றி மாமா இணையத்தையோ பத்திரிகையையோ நம்புவதில்லை. அவருடைய ஆய்வுக்கூடம் கல்யாண மண்டபத்தின் பார்க்கிங். முகூர்த்தம் உள்ளே நடக்கும். இவர் வெளியே புளியமரத்தடியில் டிரைவர்களோடு நிற்பார். ஓனர்களிடம் கேட்டால் உண்மை வராது என்பது அவர் கட்சி. ஒரு கோடி கொடுத்தவன் தன் வாயால் "தப்புப் பண்ணிட்டேன்" என்பானா? டிரைவர்கள் மறைக்க மாட்டார்கள். "வண்டி தங்கமுங்க. என்ன, அப்பப்ப டேஷ் போர்டுல ஒரு மஞ்ச லைட்டு எரியுமுங்க. கம்ப்யூட்டர் மாட்டித்தான் அணைக்கோணும்." "எவ்வளவு கேப்பாங்க?" டிரைவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். மாமா மஞ்சள் விளக்குக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். வரவேற்பில் மொய் எழுதின கையோடு அந்தப் பக்கத்தையும் நிரப்பிக்கொண்டுதான் பந்திக்கு வருவார்.

எல்லாம் கூடிவந்து ஒருமுறை டெஸ்ட் டிரைவ் வண்டி வீட்டுக்கே வந்தது. கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. வண்டி இரண்டு மீட்டர் அகலம். இரண்டு பக்கக் கண்ணாடியும் சேர்ந்தால் ஏழேகால் அடி. கேட்டு ஏழரை. உள்ளே போகும், ஆனால் போகும்போது யாரும் தும்மக் கூடாது. கேட்டை அகலப்படுத்தலாமா என்று வாஸ்துக்காரரை வரவழைத்தால், ஈசானிய மூலையைத் தொடவே கூடாது என்றுவிட்டார். வண்டி வீதியிலேயே நின்றது.

மாமாவின் அம்மாவை ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். எழுபத்தெட்டு வயது, படி உயரம். பையன் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினான். ஏர் சஸ்பென்ஷன். வண்டி 'உஸ்ஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டு, யானை மண்டிபோடுவது மாதிரி மெல்லக் கீழே இறங்கியது. வீதியில் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். அத்தை மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாலுலயும் காத்து எறங்கிருச்சாட்ட இருக்குது கண்ணு. ஸ்டெப்னி எடுத்து மாட்டச் சொல்லு" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெற்றியை எந்தக் காரும் அவருக்குத் தந்துவிட முடியாது.

இதற்கிடையில் மாமாவின் பங்காளி ஒருவர் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஷோரூமுக்குப் போனார். "வெள்ளை இருக்குதா? எப்பத் தருவீங்க?" என்று இரண்டே கேள்வி. பத்தாம் நாள் ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எங்கள் வீட்டில் இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் பங்காளியே வந்தார். டேஷ் போர்டில் ஏதோ மஞ்சளாக எரிகிறது, என்னவென்று தெரியவில்லை என்றார். மாமா நிதானமாக நோட்டைப் பிரித்து, அந்தப் பக்கத்தை எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு விளக்கினார். அரை மணி நேரம். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து எங்கள் திண்ணையில் கூட்டம். வண்டி வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டு முழிக்கிறவர்கள், விற்க வழி தேடுகிறவர்கள். மாமா இதுவரை ஆறு பேருக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார். ஆறு பேரும் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்ற வண்டியையே வாங்கினார்கள். "உங்க மாமனுக்கு எதுக்குடா வண்டி? விசாரிக்கறதுக்கு ஒரு வண்டி இருந்தாப் போதும்" என்கிறாள் அக்கா. அவள் பென்ஸ் ஆசையைக் கைவிட்டு, அந்தக் காசில் ஒரு பங்குக்கு நகை கேட்கிறாள். தங்கத்தின் விலை இறங்கட்டும் என்று மாமா பொறுத்திருக்கிறார்.

போன வாரம் இன்னோவாவுக்கு சர்வீஸ். கிளட்ச் மாற்றவேண்டியிருக்கவில்லை; ஆயில், பில்டர், பிரேக் ஷூ என்று பில் ஐந்து இலக்கத்தைக்கூடத் தொடவில்லை. வரும் ஞாயிறு மறுபடி அவினாசி ரோடு, காலை பத்தரை மணி. எனக்கு அன்று ஊரில் ஒரு காதுகுத்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். வாசகர்களில் யாருக்காவது அந்தப் பக்கம் வீடு இருந்து, கார் வாங்கும் எண்ணமும் இருந்தால் சொல்லுங்கள். மாமாவைத் துணைக்கு அனுப்பி வைக்கிறேன். காபிக்குச் சர்க்கரை பாதி.