ஐம்பது டாலர் யோசனை

அமெரிக்காவில் நடுத்தர ஊர்களில்கூட மேஜை விளையாட்டுகளுக்கென்றே ஒரு கடை இருக்கும். முன்னால் சீட்டுப் பொட்டலங்கள், நடுவில் விரல் உயரச் சிப்பாய் பொம்மைகளும் அவற்றுக்குப் பூசும் பெயின்ட் டப்பாக்களும், பின்னால் ஆடுவதற்கு மடக்கு மேஜைகள். புத்தக அலமாரிக்கு எதிரே நாற்பதைத் தாண்டிய ஒருவர் கெட்டி அட்டைப் புத்தகத்தோடு நிற்பார். நீங்கள் உள்ளே போகும்போதும் நிற்பார், சாமான் வாங்கித் திரும்பும்போதும் நிற்பார். கடைக்காரர் அவரை விலகச் சொல்வதில்லை; சுற்றிக்கொண்டு பெருக்குவார்.

அவர் டஞ்சன் மாஸ்டர். பட்டத்தைக் கேட்டு பயந்துவிட வேண்டாம். பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியிலோ நகராட்சியிலோ உத்தியோகம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-ல் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்து கதையை நடத்துபவருக்கு அந்தப் பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரன், மந்திரவாதி, திருடன் என்று வேஷம் கட்டிக்கொள்வார்கள். அவர்கள் செய்ய நினைப்பதைச் சொல்ல, இருபது முகப் பகடை நடக்குமா நடக்காதா என்று தீர்ப்புச் சொல்லும். கதையைத் தானே கற்பனை செய்துகொள்ளச் சோம்பல்படுகிறவர்களுக்காக, அல்லது நேரமில்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்காக, சாகசப் புத்தகங்கள் அச்சாகின்றன. குகை, வரைபடம், வில்லன், புதையல் எல்லாம் தயார்.

நம்மவர் கையில் இருப்பது 2016-ல் வந்த ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’. 256 பக்கம், 49 டாலர் 95 சென்ட். மூடுபனி சூழ்ந்த பரோவியா தேசம், அதன் அரண்மனையில் ரத்தம் குடிக்கும் ஸ்ட்ராட் பிரபு. இதே கதையை ட்ரேசி, லாரா ஹிக்மன் தம்பதி 1983-ல் ‘ரேவன்லாஃப்ட்’ என்று 32 பக்கத்தில் முடித்திருந்தார்கள். அந்த மெல்லிய பிரதி தம்மிடம் இருக்கிறது என்பதை அவர் கடையில் யார் காதிலாவது போடாமல் திரும்ப மாட்டார்.

அவர் சோதிக்கும் அழகே தனி. சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிற பாட்டியின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். அட்டையைத் தடவுவார். முதுகைத் திருப்பித் தையலா பசையா என்று பார்ப்பார். தாளை முகர்வார். வரைபடத்தைக் கண்ணருகே கொண்டுபோய், “இந்த அறைக்குக் கழிப்பறை எங்கே?” என்பார். நூற்றாண்டுக்கணக்கில் ரத்தம் மட்டுமே குடித்து வாழ்பவன் அரண்மனையில் கழிப்பறை எதற்கு என்று கடைக்காரர் கேட்க நினைத்து, அடக்கிக்கொள்வார்.

அடுத்து கணக்கு. போனை எடுத்துத் தட்டுவார். ஐந்து பேர், ஒரு மாலைக்கு நாலு மணி நேரம், 40 மாலைகள். பெருக்கினால் 800. ஐம்பது டாலரை அதால் வகுத்தால் தலைக்கு மணிக்கு ஆறு சென்ட் சொச்சம். “சினிமாவுக்குப் போனால் பாப்கார்னுக்கே இதைவிட ஆகும்!” என்று அறிவிப்பார். கணக்கில் பிழை கிடையாது. அந்த 40 மாலைகள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் கேட்கக்கூடாது. ஒரு மாலைகூட ஆடாத புத்தகத்துக்கு இந்த வகுத்தலைப் போட்டால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த விஷயம்.

“இதுல குறிசொல்லும் சீட்டுக்கட்டு ஒண்ணு வருது, தெரியுமா? புதையல் எங்கே, பிரபுவோட கடைசிச் சண்டை எங்கேன்னு அந்தச் சீட்டுதான் முடிவு பண்ணும். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி. திரும்பத் திரும்ப ஆடலாம்.”

“அப்போ முதல் தடவை எப்போ?” என்பார் கடைக்காரர்.

நம்மவர் பார்வையைப் பக்கத்துப் புத்தகத்துக்கு மாற்றுவார். 2018-ல் வந்த ‘டிராகன் ஹெய்ஸ்ட்’. நாலு வில்லன்கள், நடத்துகிறவர் ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் மற்ற மூவருக்கும் பெரிதாக வேலையில்லை. “அப்போ மூணு வில்லன் வேஸ்ட்தானே?” என்று முணுமுணுத்து அலமாரியில் திருப்பி வைப்பார். சிக்கனம்! அதற்குப் பக்கத்தில் ‘மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோடெப்’. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அல்ல, ‘கால் ஆஃப் கதுல்ஹு’ என்ற பேய்க்கதை ஆட்டத்துக்கானது. நியூயார்க், லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய், ஆஸ்திரேலியா என்று ஆட்டக்காரர்களை உலகம் சுற்ற வைக்கும். அவருடைய ஆட்டக்காரர்கள் நாலு பேரும் ஒரே ஊர்தான், ஒரே சனிக்கிழமை ஒரே வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. ஒருத்திக்குக் குழந்தைக்குப் பிறந்தநாள், ஒருவனுக்கு முதுகுவலி, ஒருவன் சாயங்காலம்தான் மெசேஜையே பார்ப்பான்.

சாகசப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர்களிலும் பெரும்பாலோர் ஆடிப் பார்க்காமல் வாசித்தே எழுதுகிறவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வாசிக்க சுவையான புத்தகம் வேறு, ஆட வைக்கும் புத்தகம் வேறு. இரவு ஒன்பது மணி, நாலு பேர் உங்கள் வாயையே பார்க்கிறார்கள், அந்தக் கதவின் சாவி யாரிடம் என்று இரண்டு விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும். அது பட்டால் நல்ல புத்தகம். கைகாக்ஸ் 1975-ல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காகத் தயாரித்து 1978-ல் அச்சாக்கிய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ ஈவிரக்கமில்லாதது. ஆரம்பத்திலேயே ஒரு பச்சைப் பிசாசு முகம், வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். உள்ளே தலையை விட்டவன் அதோடு காலி, உடம்பில் ஒரு துணுக்குகூட மிஞ்சாது. அந்த முகத்துக்குக் குலம், கோத்திரம், மனக்கசப்பு ஒன்றும் எழுதியிருக்காது. இப்போதைய கெட்டி அட்டைப் புத்தகங்களிலோ வில்லனுடைய குடும்பச் சண்டை பத்திபத்தியாக ஓடும். அதில் பெரும்பகுதியை ஆட்டக்காரர்கள் அறிந்துகொள்ள வழியே இல்லை. நடத்துகிறவர் ஒருவரே படித்துக் கண்கலங்க வேண்டியதுதான். நம்மவருக்கு அதுதான் வேண்டும். ஸ்ட்ராட் தம்பியின் காதலியை விரும்பிய கட்டத்தில் கடையிலேயே மூக்கை உறிஞ்சுவார்.

வாங்கிவிடுவார். வாங்காமல் இருந்ததே இல்லை. யோசனையெல்லாம் மனசாட்சிக்குக் காட்டும் ரசீது. வீட்டில் படுக்கையில் சாய்ந்து முதல் பக்கம் முதல் கடைசி வரை நாவலாகப் படிப்பார், பென்சிலால் கோடு போடுவார், வண்ண ஒட்டுச்சீட்டு வைப்பார், பிரபுவுக்கு ஒரு குரல் தேடிக் குளியலறையில் இருமுவார். பிறகு புத்தகம் அலமாரிக்குப் போய் மற்றவற்றின் தோளில் சாய்ந்துகொள்ளும்.

அவர் உண்மையில் நடத்தி முடித்த சாகசம் ஒன்றே ஒன்று. 2014-ல் வந்த தொடக்கப் பெட்டியில் இருந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’. 64 பக்கம், சாதா அட்டை, பெட்டியே அப்போது இருபது டாலர்தான். மைத்துனி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. ஆகவே முகர்ந்து பார்க்க வாய்ப்பில்லை. ஆரம்பத்தில் காட்டுப் பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும், புதரிலிருந்து காப்ளின் என்ற குள்ளப் பூதங்கள் பாயும். அவருடைய ஆட்கள் காப்ளின்களைப் பத்து நிமிஷத்தில் தீர்த்துவிட்டுக் குதிரைகளிடம் வந்து நின்றார்கள்.

“இதுக்குப் பேர் என்ன?” என்றாள் பிறந்தநாள்காரி.

அவர் பக்கத்தைப் புரட்டினார். எழுதியிருக்கவில்லை. “பெ… பெர்னார்ட்” என்றார்.

அன்று மாலை முழுக்க பெர்னார்டுக்குக் குழி வெட்டினார்கள். திருடன் இரங்கல் உரை ஆற்றினான். முதுகுவலிக்காரன் எழுந்து நின்றே பகடை உருட்டினான். புத்தகம் அதே பக்கத்திலேயே திறந்து கிடந்தது. கிளம்பும்போது, ஒரு மெசேஜுக்கும் பதில் போடாதவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்:

“அடுத்த சனிக்கிழமை உண்டுதானே? அந்த ரெண்டாவது குதிரை பெர்னார்டுக்கு என்ன உறவு?”