பந்து யார் பேச்சைக் கேட்கும்?

கேள்வி: ஸ்பெயினின் முன்னாள் கால்பந்து வீரர்கள் சாவி, இனியெஸ்டா – இவர்களில் பந்தைக் கையாள்வதில் கெட்டிக்காரர் யார்?

பதில்: கையாண்டால் ஃபவுல்! ‘காலாள்வதில்’ என்று கேளுங்கள். இருவரும் பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிக்கூடம் தந்த பிள்ளைகள். பந்து வருமுன்னே சாவி தலையைத் திருப்பித் திருப்பி மைதானத்தை மனப்பாடம் செய்துவிடுவார். வந்ததும் ஒரே தட்டில் பாஸ். 2012 யூரோ இறுதிப் போட்டியில் அவர் கொடுத்த இரண்டு பாஸ்கள் கோலாயின. இனியெஸ்டாவோ எதிராளி நெருங்கும்வரை காத்திருந்து, பந்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தட்டி, இடுக்கில் நழுவிவிடுவார். 2010 உலகக் கோப்பை இறுதியில் 116ஆவது நிமிட வெற்றி கோல் அவருடையது.

சாவி கூட்டத்தில் சிக்கவே மாட்டார்; இனியெஸ்டா சிக்கினாலும் பந்தோடு வெளியே வருவார். கால் வித்தைக்கு என் ஓட்டு இனியெஸ்டாவுக்கே. ஆனால், அந்தப் பந்தை அவர் காலில் சேர்க்க சாவி வேண்டுமே!