பெட்டி சொன்னால் சரி

டீக்கடை, பூக்கடை, இளநீர் வண்டி... எங்கே பணம் அனுப்பினாலும் ஒரு பெட்டி தொகையை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறதே, அவசியமா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

உங்களுக்கு அவசியமில்லை, கடைக்காரருக்கு அவசியம். எங்கள் தெரு டீ மாஸ்டருக்கு ஒரு கையில் வடிகட்டி, மறு கையில் குவளை. பால் பொங்கி வரும் நேரமாகப் பார்த்து நாலு பேர் போனை நீட்டி, "அண்ணே, போட்டாச்சு" என்பார்கள். நீட்டுவது இன்றைய பணமா, நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டா என்று ஆராய அவருக்கு மூன்றாவது கை கிடையாது. காதை மட்டும் சவுண்ட்பாக்ஸ் பக்கம் வைத்திருப்பார். "பதினைந்து ரூபாய்" என்று அது சொன்னதும் திரும்பிப் பார்க்காமலே தலையாட்டுவார். 2016-ல் யூபிஐ வந்தது. கல்லாப்பெட்டிக்கு வாய் முளைத்தது அதற்கப்புறம். சிக்னல் போன அன்றைக்குப் பழைய நோட்டு வெளியே வரும், மாஸ்டர் காதிலிருந்து பென்சில் இறங்கும்.

ப்ளூ டிக் விழுந்து இரண்டு நாளாகிறது. பதில் இல்லை. என்ன அர்த்தம்?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இறந்துபோன பாடகர்களை ஏஐ மூலம் பாட வைப்பது சரியா?
(ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். சாகுல் ஹமீது மறைந்தது 1997-ல். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்ததாக ரஹ்மானே சொன்னார். அந்தப் படம் வந்த அதே 2024-ல், 'கோட்' படத்துக்காக அக்கா பவதாரிணியின் குரலைத் திரும்பக் கொண்டுவந்தார் யுவன். அந்த வருட ஜனவரியில்தான் பவதாரிணி மறைந்திருந்தார். வீட்டில் இருப்பவர்கள் பழைய கேசட்டைத் தேடி எடுத்துக் கேட்பதில்லையா, அந்த மாதிரி ஏக்கம் இது. இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால், உயிரோடு இருக்கும் பாடகர், "இந்த வரி ஆபாசமாக இருக்கிறது, மாற்றுங்கள்" என்று மைக்கை விட்டு நகர்ந்து நிற்கலாம். சுருதி ஏறினால் "நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்குப் போகலாம். செயற்கைக் குரல் எதையும் பாடும், எத்தனை டேக் வேண்டுமானாலும் பாடும். குடும்பம் கொடுப்பது குரலுக்கான அனுமதி. பாட்டு பிடித்திருந்ததா என்று யாரிடம் போய்க் கேட்பது? அனுமதியே கேட்காமல், பழைய பாடகர் குரலில் நேற்று வந்த குத்துப்பாட்டைச் சமைத்து இணையத்தில் பரிமாறுகிறவர்களுக்கு என் ஓட்டு இல்லை. நல்லவேளை, எனக்குப் பாட வராது.

எங்கள் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வதந்தியாக அனுப்புகிறார். எப்படி நிறுத்துவது?
(ஒரு வாசகர், ஈரோடு)

வாட்ஸ்அப்காரர்களே முயன்று பார்த்தார்கள். ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி 2018-லேயே இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பெரியப்பாக்கள் ஐந்து ஐந்தாக அனுப்பப் பழகிக்கொண்டார்கள். குழுவில் வைத்துத் திருத்தினால் சொத்துத் தகராறு வரைக்கும் போகும். தனியாகக் கூப்பிட்டு, "பெரியப்பா, எவனோ உங்களையே ஏமாத்தியிருக்கான்" என்று சொல்லிப் பாருங்கள். அவரும் உங்களோடு சேர்ந்து அவனைத் திட்டுவார். மறுநாள் வேறொருவன் அனுப்பியதை அனுப்புவார்.

டிவியில் நூறு முறை பார்த்த 'கில்லி'யைக் காசு கொடுத்துத் தியேட்டரில் பார்க்கிறார்களே?
(ஒரு வாசகி, கோவை)

டிவியில் பிரகாஷ்ராஜ் வசனம் பேசுவார், நாம் கேட்போம். தியேட்டரில் நாம் பேசுவோம், அவர் வாயசைப்பார். 2004-ல் வந்த படம் 2024-ல் திரும்ப வந்தபோது, முதல் ரிலீஸில் பிறந்தே இராத பிள்ளைகள் திரைக்கு முன்னால் ஆடினார்கள். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது தாத்தா காலத்து வியாதி.

"நான் ரோபோ இல்லை" என்று ஒரு கம்ப்யூட்டரிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறதே?
(ஒரு வாசகர், ஓசூர்)

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2007-ல் வந்த ரீகேப்ட்சாவில் கோணல்மாணலாக எழுத்து வருமே, அவற்றில் பல, ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் கம்ப்யூட்டருக்குப் புரியாமல் போன வார்த்தைகள். கடவுச்சொல்லை மறந்த நேரத்தில் நாமெல்லாம் சம்பளமில்லாத ப்ரூஃப் ரீடராக இருந்திருக்கிறோம்.

போனைக் காட்டித்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறேன். மாமியார் திட்டுகிறார்.
(ஒரு வாசகி, புதுச்சேரி)

அவர் நிலாவைக் காட்டி ஏமாற்றியவர். நிலாவில் நடுவே விளம்பரம் வராது என்பதால் அவர் கட்சி கொஞ்சம் பலமானது.

தொழில்நுட்பம் வளர்ந்ததில் எதை இழந்ததாக வருத்தம்?
(ஒரு வாசகர், விருதுநகர்)

மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் 'பஸ் ஏறிட்டேன்', இரண்டு என்றால் 'வாசலில் நிற்கிறேன், கீழே வா'. ஒரு பைசா செலவில்லை. அன்லிமிடெட் வந்தபிறகு எல்லோரும் முழுசாகப் பேசுகிறார்கள். போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு ரிங் வந்து நின்றது. பழக்க தோஷம், செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். வாசலில் ஆளில்லை. மறுபடி மணியடித்தது. தனிநபர் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டார்.