அக்னி நட்சத்திர ஓய்வு

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் மே மாத வெயில் தாங்காதவர்கள், அதே வெயிலைக் காசு கொடுத்து அனுபவிக்கப் புதுச்சேரி செல்வது மிகச் சிறந்த வழக்கம். நிம்மதிக்கு முதல் தேவை, விடிகாலை 4 மணிக்கு அலாரம். பூந்தமல்லி நெரிசல், வெளிவட்டச் சாலை, கேளம்பாக்கம், ஈசிஆர் என்று 150 கிலோமீட்டருக்கும் மேல் ஓய்வெடுத்தபடியே போகலாம். மடியில் புளிசாதத் தூக்கு. அது சாயாமல் பிடிப்பதும் ஒருவகைத் தியானம்தான். புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வண்டிகள் வராது. கரையின் பெரும்பகுதியில் பாறை கொட்டியிருப்பதால், காலில் மணல் ஒட்டும் தொல்லையும் குறைவு.

பயணத்தின் சிகரம், நடுப்பகலில் விடுதி அறையில் ஏசியை 18-இல் வைத்துப் போர்வைக்குள் தூங்குவது. வீட்டிலும் ஏசி உண்டு. கரண்ட் பில்லுக்குப் பயந்து யாரும் தொடுவதில்லை. வீட்டில் இரண்டு மாதத்தில் வரும் பில், விடுதியில் ஒரே இரவு வாடகையில் தீர்ந்துவிடுகிறது. நேரம் மிச்சம்.